அவர் ஏறாத விமானம்

ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. மேகம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேகத்துக்கு வாசம் கிடையாதே. இது மூக்கில் ஏறியது. யாரோ ஈரச் சருகைக் கொளுத்திவிட்டு அணைக்காமல் போன வாசம்.

பக்கத்து இருக்கைப் பெண்மணி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "நம்ம ஊரு வந்துருச்சுக்கா" என்றார். நாற்றத்தை வைத்தே ஊரைச் சொல்லக்கூடிய பருவம் அது. அண்டை நாட்டில் காடு எரிந்து கோலாலம்பூர்ப் பக்கம் புகைமூட்டம் பிடித்தால் லேசில் விடாது. பள்ளிக்கூடங்களை மூடுவார்கள். முகக்கவசத்துக்கு ஆலாய்ப் பறப்பார்கள். கிள்ளானில் எங்கள் துணிக்கடை வாசலில் நின்றால் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை தெரியாது. தீபாவளிக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் இருமிக்கொண்டே நிறம் பார்ப்பார்கள்.

அந்தப் பெண்மணி பெயர் ரஞ்சிதம். மேருவில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனை எடுத்து நடத்துகிறவர். திருச்சியில் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை. அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மருமகள், அந்த மருமகளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதுவரை பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஜன்னலோரம், அவர் நடுவில். அவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கினார்.

"ஒங்க வீட்டுக்காரரு வரலியா?" என்று ரஞ்சிதம் கேட்டார். அவர் சென்னையிலிருந்து வேறு விமானத்தில் போகிறார், இந்நேரம் இறங்கியிருப்பார் என்றேன். உடனே குரலைத் தாழ்த்தி, சண்டையா என்று கேட்டார்.

சண்டை எல்லாம் இல்லை என்று அவருக்கு முழுக் கதையும் சொன்னேன். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. இந்தப் பத்தியைப் படிக்கிற பெட்டாலிங் ஜெயா வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: இத்தனை வாரமாகப் பயணம் பயணமாக எழுதுகிறீர்கள், ஒன்றில்கூட உங்கள் கணவர் பக்கத்தில் இல்லையே, ஏன்? கெட்டிக்காரப் பெண். அந்த வழக்கத்தைச் சொல்லாமல் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல முடியாது. எனவே விமானம் கொஞ்ச நேரம் மேலேயே சுற்றட்டும். உண்மையிலும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஒருவர் மிஞ்ச வேண்டும்

என் மாமனாரும் அவருடைய அண்ணனும் இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்து கிள்ளானில் கடை போட்டவர்கள். அவர்களுக்குத் தெரிந்த இரண்டு சகோதரர்கள் பினாங்கில் கடை வைத்திருந்தார்களாம். ஊருக்குப் போக இரண்டு பேரும் ஒன்றாகக் கப்பலேறி, ஒன்றாகக் காய்ச்சலில் படுத்து, ஊர் போய்ச் சேரவே இல்லை. இங்கே பூட்டை உடைத்து இருந்ததையெல்லாம் யாரோ அள்ளிக்கொண்டார்கள். அங்கே இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நின்றது.

மாமனார் இதைச் சொல்லும்போது கண்கலங்க மாட்டார். துணிக்கு விலை சொல்வதுபோலச் சொல்வார். சொல்லி முடித்துச் சட்டத்தையும் போட்டுவிட்டார். கடையில் பங்குள்ள இரண்டு பேர் ஒரே கப்பலில் ஏறக் கூடாது.

கப்பல் போய் விமானம் வந்தது. சட்டம் மட்டும் போகவில்லை, வளர்ந்தது. பங்காளிகளுக்கு என்று இருந்தது புருஷன் பெண்டாட்டிக்கும் என்றானது. ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் இன்னொருவர் மிஞ்ச வேண்டும், பிள்ளைக்கும் கடைக்கும் ஓர் ஆள் வேண்டும் என்பது நியாயம். கேட்கிறவர்களுக்கு நல்ல புத்தியாகத்தான் படும். எனக்கும் வெகு காலம் அப்படித்தான் பட்டது.

நான் கல்யாணமாகி மலேசியா வந்ததைப் பற்றி முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மாப்பிள்ளை முந்தின நாள் விமானத்திலேயே வந்துவிட்டார். புதுப்பெண் நான் கை நிறைய மருதாணியோடு தனியாக வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். எங்கள் தேனிலவுப் பயணத்தில் என் தோளில் சாய்ந்தது அவர்தான்.

மகள் நஸ்ரீன் பிறந்ததும் பிள்ளை யாரோடு போவது என்று பெரிய பஞ்சாயத்து. போகும்போது என்னோடு, வரும்போது அவரோடு என்று தீர்ப்பானது. பள்ளிக்கூடத்தில் விடுமுறைப் பயணத்தைப் படமாக வரையச் சொன்னபோது நஸ்ரீன் இரண்டு விமானம் வரைந்தாளாம். ஏன் இரண்டு என்று ஆசிரியை கேட்டதற்கு, பின்னால் வருவது உம்மாவுடையது என்றிருக்கிறாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சுமுகம்தானே என்று நாசூக்காக விசாரித்தார்.

உம்ராவுக்குக்கூட நாங்கள் சேர்ந்து போனதில்லை. அவர் ஒரு குழுவோடு போனார். நான் என் அண்ணனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு வேறொரு குழுவில் போனேன். மக்காவில் ஓட்டல் வாசலில் சந்தித்து, ஊரில் பார்த்துக்கொண்டவர்கள்போல நலம் விசாரித்தோம்.

பிறகு மாமனார் மவுத்தானார். பிரிக்பீல்ட்ஸில் இருந்த இன்னொரு கடை அவருடைய அண்ணன் பிள்ளைகளுக்குப் போனது, கிள்ளான் கடை எங்களுக்கு. நஸ்ரீன் கல்யாணமாகி செராஸில் இருக்கிறாள். சொந்தமாகக் கார் ஓட்டுகிற, மாமியாரையே அடக்கி வைத்திருக்கிற பெண். இனி யாருக்காக ஒருவர் மிஞ்ச வேண்டும்? இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

என் கணவர் பெயர் காதர். நான் மச்சான் என்று கூப்பிடுவேன், எங்கள் ஊர்ப் பழக்கம். அவர் குழம்பை எடுத்துத் தட்டில் ஊற்றிக்கொண்டார்.

"பழகிப் போச்சு வஹிதா. இப்ப மாத்துனா எதாவது ஆயிடுமோன்னு இருக்கு" என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பொறாமை உண்டு. முன் வரிசையில் புருஷன் தன் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துப் பெண்டாட்டி தட்டில் வைப்பான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். எங்கள் இருவருக்கும் ஆகாயத்தில் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துவைக்கவில்லை.

அந்த முறையும் அப்படித்தான். தீபாவளிச் சரக்கு எடுக்க அவர் சென்னையில் தங்கினார். நான் ஊரில் என் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுத் திருச்சியில் ஏறினேன். இரண்டு டிக்கெட்டையும் நஸ்ரீன்தான் போட்டு, இரண்டையும் இருவருக்கும் அனுப்பினாள். முதலில் இறங்குகிறவர் வெளியே காத்திருக்க வேண்டும். அன்று காத்திருக்கும் முறை அவருடையது.

இரண்டாவது முறை

கீழே தெரியவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் இறங்க முடியும் என்று கேப்டன் அறிவித்தார். நிதானமான குரல். சுற்றினோம். ஒரு தடவை இறங்கப் போய், வயிறு கீழே போகிற அந்த உணர்வு வந்து, சட்டென்று எஞ்சின் உறுமி மறுபடி மேலே ஏறினோம். ரஞ்சிதம் பேச்சை நிறுத்தினார். அவர் பேசாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் இறுக்கிப் பிடித்தேன்.

இரண்டாவது முறை மறுபடி வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பிறகு திடீரென்று மிகக் கிட்டத்தில் விளக்குகள். இவ்வளவு கிட்டத்திலா என்று நினைப்பதற்குள் இடித்தது. ஒருமுறை துள்ளி மறுபடி இடித்தது. அப்பாடா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் சொல்லி முடிக்கவில்லை, விமானத்தை வலப்பக்கம் எதுவோ பிடித்து இழுத்தது.

ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டோம் என்பது பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது சத்தம் மட்டும்தான். தகரத்தைத் தரையில் போட்டு இழுக்கிற சத்தம். தலைக்கு மேலே பெட்டி வைக்கும் கதவுகள் திறந்து சாமான்கள் கொட்டின. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டின் உடைந்து முறுக்கு எங்கள் மடியில் விழுந்தது. நான் கலிமா சொல்கிறேன், ரஞ்சிதம் முருகா முருகா என்கிறார். முன் இருக்கையில் இடது கையை ஊன்றியதில் மணிக்கட்டில் ஏதோ விலகியது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

நின்றதும் எல்லோரும் சேர்ந்து கத்தினோம்.

பணிப்பெண்கள் இடப்பக்கக் கதவுகளைத் திறந்து, சறுக்குப் பாய்களை விரித்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாருங்கள் என்று கத்தினார்கள். நான் கைப்பையை எடுக்கக் குனிந்தேன். நஸ்ரீன் வயதுகூட இராத பணிப்பெண் ஒருத்தி மலாயில் போட்ட அதட்டலில் கை தானாகப் பின்னுக்கு வந்தது. அத்தனை அழகாகச் சிரித்து எனக்குத் தண்ணீர் கொடுத்த அதே பெண். அவள் அதட்டியிருக்காவிட்டால் எனக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் என்ன ஆகியிருப்பார்களோ. அவளுக்கு நான் இன்றும் துஆ செய்கிறேன்.

சறுக்கி விழுந்தபோது காலில் செருப்பு இல்லை. எங்கே போனதென்று தெரியாது.

புல்லில் உட்கார்ந்துகொண்டு

எங்களை விமானத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போய்ப் புல்லில் உட்கார வைத்தார்கள். வந்த தூரம் கொஞ்சம்தான், ஆனாலும் திரும்பிப் பார்த்தால் விமானம் தெரியவில்லை. வால் மட்டும் மங்கலாக நின்றது. சைரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, வண்டி கண்ணில் படவில்லை. பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பொம்பா வண்டி என்று தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் இறங்கி ஓடினார்கள்.

கடைசியாகக் கேப்டன் வந்தார். இளைஞர். தொப்பி இல்லை. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர்மேல் தப்பா, புகைமேல் தப்பா என்று பின்னால் வாட்ஸ்ஆப்பில் நிறையப் பேர் தீர்ப்பு எழுதினார்கள். மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். எனக்கு அந்த முகம்தான் நினைவிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், அத்தனை பேரும் பிழைத்தோம். சிலருக்குக் கை கால் முறிவு, சிலருக்குப் புகையில் மூச்சுத் திணறல், எனக்கு மணிக்கட்டு.

உட்கார்ந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பலகையில் என் விமானத்துக்கு நேராக என்ன போட்டிருப்பார்கள்? யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்திருந்தது. திடீர் அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொன்னதை நானும் நஸ்ரீனும் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். கடைக் கூரை ஒழுகிப் பட்டுப்புடவைகள் நனைந்த செய்தியைக்கூட அவருக்குத் தவணை முறையில்தான் சொன்னோம். முதல் நாள் மழை, மறுநாள் ஒழுக்கு, அதற்கும் மறுநாள் புடவை. இந்தச் செய்தியை அவருக்கு யார் தவணையில் சொல்வது? விமானத்திலிருந்து தப்பித்த நான், என்னைப் பற்றிய செய்தியால் அவரைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று நடுங்கினேன். மணிக்கட்டு வலி அப்போது தெரியவே இல்லை.

ஒரு பொம்பாக்காரரிடம் போன் கேட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒருவருடைய எண்ணும் தெரியாது. என் போனில் அவர் படத்தைத் தொடுவேன், நஸ்ரீன் படத்தைத் தொடுவேன். அவ்வளவுதான் என் ஞானம். கண்ணை மூடி யோசித்தேன். கடைப் பிளாஸ்டிக் பையில் அச்சடித்திருக்கிற எண் வந்தது. வருஷா வருஷம் அச்சகத்துக்குச் சரிபார்த்துக் கொடுப்பது நான்தானே.

எடுத்தது செல்வி. நஸ்ரீன் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் கடையில் இருப்பவள். கல்லாவும் அவள்தான், கண்டிப்பும் அவள்தான்.

"செல்வி, நான்தான். நான் நல்லா இருக்கேன். மொதல்ல அதக் கேட்டுக்க."

"என்னக்கா, எறங்கியாச்சா?"

இறங்கியாச்சு என்று சொல்லிவிட்டு, எப்படி இறங்கினோம் என்பதையும் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள். அழுவதற்கு இது நேரமில்லை, முதலாளிக்குப் போன் போடு, நான் நல்லா இருக்கேன் என்பதை முதலில் சொல்லு, விமானத்தைப் பிறகு சொல்லு என்றேன்.

"சரிக்கா. நல்லா இருக்கீங்க. நல்லா இருக்கீங்க. அப்புறந்தான் மத்தது" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பாதி நிம்மதி வந்தது. அந்தப் பாதியும் தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம்

இதைப் பின்னால் அவரும் நஸ்ரீனும் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பலகையில் என் விமானத்துக்கு நேராகத் தாமதம் என்று இருந்திருக்கிறது. பிறகு அதுவும் போய்விட்டது. காத்திருந்தவர்களில் ஒருவருடைய போனுக்குப் படம் வந்திருக்கிறது. புகைக்குள் சாய்ந்து கிடக்கிற விமானம். அந்தப் போன் கை மாறிக் கை மாறி என் வீட்டுக்காரரிடம் வந்திருக்கிறது. அவர் பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். நன்றி சொன்னதை அவரே சொன்னார். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை என்றார்.

உறவினர்களை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். பெயர்களைச் சரிபார்த்த பிறகு கூப்பிடுவோம் என்றார்கள். விமான நிறுவனத்தார்மேல் குற்றம் இல்லை, அவர்களுக்கே எதுவும் தெளிவாகத் தெரியாத நேரம். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் என்னவாக இருந்திருக்கும். அங்கே உட்கார்ந்துதான் அவருக்குத் தன் வாப்பாவின் சட்டம் முழுசாகப் புரிந்ததாம். ஒருவர் மிஞ்ச வேண்டும் என்று வாப்பா சொன்னார், மிஞ்சியவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை என்றார் என்னிடம்.

செல்வி விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். அவர் எடுக்கவில்லை என்றதும் நஸ்ரீனிடம் சொல்லியிருக்கிறாள், அவளும் கூப்பிட்டிருக்கிறாள். போன் இவருடைய தள்ளுவண்டியில், புடவைப் பெட்டிக்கு மேலே கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியை வெளியே எங்கோ விட்டுவிட்டு இவர் அறைக்குள் வந்துவிட்டார்.

நான் உயிரோடு இருப்பது கிள்ளானுக்குத் தெரியும். செராஸுக்குத் தெரியும். ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரியாது.

கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்தவர், கண்ணாடி வழியாக ஒரு பேருந்தைப் பார்த்திருக்கிறார். ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பலருடைய காலில் செருப்பில்லை. அதற்குப் பிறகு அவர் செய்த வேலையின் பலனை நான் நேரிலேயே பார்த்தேன்.

கணக்கில் ஓர் ஆள் கூட

எங்களை ஒரு பெரிய கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். போர்வை கொடுத்தார்கள், சுடச்சுட மைலோ கொடுத்தார்கள். என் கைக்கு அட்டை வைத்துக் கட்டினார்கள். ரஞ்சிதம் என் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. மறுபடி பேசத் தொடங்கியிருந்தார். மருமகளுக்குச் சோறு வடிக்கத் தெரியாவிட்டால் என்ன, குக்கர் இருக்கிறது என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

எங்கள் வரிசையைக் கவனித்துக்கொண்டது விமான நிறுவனத்தில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப்பெண். சட்டையில் கவிதா என்று இருந்தது. கையில் பெயர்த் தாள். எண்ணுவாள், தாளைப் பார்ப்பாள், மறுபடி எண்ணுவாள். என் கணவர் வெளியே இருக்கிறார், நெஞ்சு பலவீனமானவர் என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். இதோ கேட்கிறேன் ஆன்டி, இதோ கேட்கிறேன் என்று ஓடிக்கொண்டே இருந்தாள். பாவம், அவளிடம் அதையே சொல்ல எத்தனை பேர்.

ஒருமுறை வெளியே போனவள் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் குப்பை கொட்டக்கூட ஷூ போட்டுக்கொண்டு போகிறவர். கிள்ளான் வெயிலில் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கடைக்கு வருகிறவர். வந்தவர் வெறுங்காலோடு இருந்தார். சட்டை வெளியே தொங்கியது. தலையைக் கையாலேயே கலைத்துவிட்டிருந்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் காலுறை எட்டிப் பார்த்தது. ஷூவைக் கழற்றி எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. இன்றுவரை கிடைக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

கவிதா என்னிடம் குனிந்தாள்.

"ஆன்டி, இந்த அங்கிள் உங்க ஃப்ளைட்ல வந்தவருன்னு சொல்றாரு. பஸ்ஸ விட்டு எறங்கி டாய்லட் போனாராம், திரும்பி வர வழி தெரியலையாம். லிஸ்ட்ல பேரு இல்ல லா. சீட் எதுன்னு கேட்டா உங்களுக்குப் பக்கத்து சீட்டச் சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமா?"

எங்கள் கடையில் பட்டு என்று கேட்டு வருகிற வாடிக்கையாளரிடம், இது முழுப் பட்டு இல்லம்மா, கலப்பு என்று தானே முந்திக்கொண்டு சொல்கிற மனுஷன் இவர். இதனால் எத்தனை வியாபாரம் கெட்டிருக்கிறது என்று செல்வியைக் கேட்டால் சொல்வாள். அந்த மனுஷன் நஸ்ரீன் அனுப்பிய டிக்கெட்டில் பார்த்த என் இருக்கை எண்ணை வைத்து இத்தனை பொய்யைச் சேர்த்துக் கட்டி, அதற்கு ஏற்ற வேஷமும் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப்போல என் முன்னால் நிற்கிறார். சிரிப்பு வரவில்லை.

"தெரியும். எங்கூடத்தான் வந்தார்" என்றேன்.

கவிதா தாளைப் பார்த்தாள். பிறகு ரஞ்சிதத்தைப் பார்த்தாள். "ஆனா அது இந்த ஆன்டியோட சீட்டாச்சே?"

நான் ரஞ்சிதத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக் கதை முழுவதும் கேட்டவர் அவர். சென்னை விமானம், மாமனார் சட்டம், எல்லாம் அவருக்குத் தெரியும்.

ரஞ்சிதம் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"இல்லம்மா. அது இவரு சீட்டுதான். நாந்தான் தெரியாம மாத்தி ஒக்காந்துட்டேன்." பிறகு தன் நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினார். "ஒக்காருங்கண்ணே."

கவிதா அந்தக் காலுறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவருடைய சுத்தமான பாதங்களைப் பார்த்தாள். எங்கள் கால்களிலெல்லாம் சேறு. "சரி அங்கிள், உங்களுக்கும் போர்வை எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் உட்கார்ந்தார். என் கட்டுப் போட்ட கையைத் தொடப் பயந்து, மற்றக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஜில்லென்று இருந்தன அவர் கைகள்.

"நானும் ஒங்கூட வந்திருக்கணும் வஹிதா."

"அதான் வந்துட்டீங்களே மச்சான்" என்றேன்.